தண்டவாளம் போன தடம்: திருப்பத்தூரிலிருந்து சயாம் வரை



இரவு டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு உங்கள் காதில் கடைசியாக விழும் சத்தம் எது? நம்மில் பலருக்கு அது ரயில் சத்தம்தான். ஜோலார்பேட்டையைத் தாண்டி சேலம், ஈரோடு, கோவை பக்கம் போகும் வண்டிகள் நம் ஊரைக் கடந்துதான் போகின்றன. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் போட்ட பாதை 1860-61லேயே இந்த வழியாகப் போய்விட்டது. ரயில் என்பது திருப்பத்தூருக்குப் புதிதே அல்ல.

ஆனால் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம் என்றால் என்ன செய்கிறோம்? பஸ் ஏறுகிறோம், அல்லது காரை எடுக்கிறோம். சுமார் 40 கிலோமீட்டர்தான். இரண்டுமே இன்று மாவட்டத் தலைநகரங்கள். கிருஷ்ணகிரி 2004-லும் நம் ஊர் 2019-லும் அந்த நிலைக்கு வந்தன. இருந்தும் நடுவே ரயில் இல்லை. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையமே இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கலாம். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. உங்கள் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ அதில் ஏறியிருக்கக்கூடும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அந்தப் பாதை இல்லை.

போர்க்காலத்தோடு தொடர்புடைய பழைய ரயில் இடங்களைத் தேடிப் போய்ப் படமெடுப்பது உலகம் முழுவதும் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. நம் குடியிருப்பிலும் நல்ல கேமரா வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கேமரா இல்லாதவர்களின் கையிலும் போன் இருக்கிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த இதழில் இதை எழுதுகிறேன். அப்படி எடுக்கும் படத்தில் நாம் எதை விட்டுவிடுகிறோம் என்பதையும் பார்ப்போம்.

பஞ்சத்தில் பிறந்த பாதை

கதை போரில் தொடங்கவில்லை, பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தை நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். அன்றைய சேலம் மாவட்டம் அதில் மிகக் கடுமையாக அடிபட்டது. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஒரு பக்கம் துறைமுகத்தில் தானியம் வந்து இறங்கும். இன்னொரு பக்கம் உள்நாட்டு ஊர்களுக்கு அதைக் கொண்டு போக வண்டியும் மாடும் போதாது. மாடுகளே தீவனமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன.

பிறகு அமைந்த பஞ்ச விசாரணைக் குழு 1880-ல் தந்த அறிக்கையில், பஞ்சம் வரக்கூடிய பகுதிகளுக்கு ரயில் பாதை வேண்டும் என்பது ஒரு முக்கியமான யோசனை. இப்படிப் போட்டவற்றைப் பஞ்சப் பாதுகாப்புப் பாதைகள் என்றார்கள். லாபம் அவற்றின் முதல் நோக்கம் அல்ல. மழை பொய்த்த வருஷத்தில் அரிசி மூட்டை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

நம் பகுதிக்கு அது வந்துசேர இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதை 1905-ல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1906-ல், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு பாதை. அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. எல்லாம் குறுகிய பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டரை அடிதான், அதாவது 76 சென்டிமீட்டர். நம் ஸ்டேஷனில் இன்று பார்க்கும் அகலப் பாதை ஐந்தரை அடி, 1.676 மீட்டர். பாதி கூட இல்லை. சாப்பாட்டு மேஜையின் அகலத்தை ஒருமுறை அளந்து பாருங்கள், அந்த ரயில் எவ்வளவு சின்னது என்பது புரியும்.

சின்னதாகப் போட்டதற்குக் காரணம் செலவு. தண்டவாளம் மெலிது, பாலம் சிறிது, வளைவு எளிது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. குறுகிய பாதை வண்டி பெரிய பாதையில் ஓடாது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒவ்வொரு மூட்டையையும் திருப்பத்தூரில் இறக்கிப் பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். பின்னாளில் இந்தப் பாதைகள் தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு வந்தன. 1930களில் பஸ்கள் பெருகின. வீட்டு வாசலுக்கே வரும் பஸ்ஸை விட்டுவிட்டு யார் ஸ்டேஷனுக்கு நடப்பார்கள்? நாடு முழுவதும் கிளைப் பாதைகள் நஷ்டத்தில் தள்ளாடின. 1932-33-ல் சாலை – ரயில் போட்டியை ஆராய மிட்செல் – கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளை அரசு நியமிக்கும் அளவுக்கு அது பெரிய பிரச்சினையாகிவிட்டது.

ஆகவே, "போர் வந்து நம் ரயிலைக் கொண்டுபோய்விட்டது" என்று ஒரே வரியில் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பஸ் ஏற்கெனவே அதை மெலிய வைத்திருந்தது. போர் வந்தபோது முதலில் கை வைக்க வசதியாக இருந்தவை இப்படி மெலிந்துபோன பாதைகள்தான்.

போர் வந்தது, தண்டவாளம் போனது

1939-ல் போர் தொடங்கியது. ஈராக், ஈரான், எகிப்து பக்கம் பிரிட்டிஷ் படைகளுக்குத் தண்டவாளம், எஞ்சின், வேகன் எல்லாம் தேவைப்பட்டன. இங்கிலாந்தின் ஆலைகளோ பீரங்கியும் கப்பலும் செய்துகொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிந்த சுலபமான வழி, இந்தியாவில் ஏற்கெனவே போட்டிருப்பதைப் பிடுங்குவது. நாடெங்கும் பல கிளைப் பாதைகள் இப்படிக் கழற்றப்பட்டன.

நமக்குத் தெரிந்த ஊர்களையே பாருங்கள். மதுரை – போடி பாதை 1928-ல் வந்தது, 1942-ல் கழற்றப்பட்டது. கேரளத்தில் ஷொரணூர் – நிலம்பூர் பாதை 1927-ல் வந்தது, 1941-ல் போனது. வடக்கே இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் நக்ரோட்டாவிலிருந்து ஜோகிந்தர்நகர் வரையிலான மலைப்பாதைக்கும் அதே கதிதான். மொரப்பூர் – தர்மபுரி – ஓசூர் பாதை 1941-ல் மூடப்பட்டது. நம் கிருஷ்ணகிரிப் பாதையும் போர் முடியும் முன்பே இல்லாமல் போய்விட்டது.

போருக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் நம் ஊருக்கு முக்கியம். போடி, நிலம்பூர், காங்ரா ஆகிய மூன்று பாதைகளும் 1950களின் முற்பாதியில் திரும்பப் போடப்பட்டன. போடிக்கு 2023-ல் அகலப் பாதை ரயிலே வந்துவிட்டது. தர்மபுரிக்கும் ஓசூருக்கும் பிறகு சேலம் – பெங்களூரு பாதை வழியாக வேறு ரயில் கிடைத்தது. மொரப்பூர் – தர்மபுரி பாதையை மீண்டும் போட 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கிருஷ்ணகிரிக்குத்தான் இன்றுவரை ஒன்றும் வரவில்லை. "எங்களுக்கு ரயில் வேண்டும்" என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்கும்போது, அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஒருகாலத்தில் இருந்ததைத்தான் கேட்கிறார்கள்.

கிளைப் பாதை மௌனமான அதே நாட்களில் நம் பெரிய பாதைக்கு ஓய்வே இல்லை. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்ட் போகும் பாதை 1864-லேயே வந்தது. ராணுவத்துக்கு அது முக்கியமான வழி. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்ற பயம் பரவியது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. குடும்பம் குடும்பமாக மக்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினார்கள். மேற்கே வந்தவர்கள் ஜோலார்பேட்டை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அடுத்த முறை ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

அதே போர், கடலுக்கு அந்தப் பக்கம்

இங்கே பிரிட்டிஷ்காரர்கள் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள் என்றால், வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம் மலாயாவில் ஜப்பானியர்கள் அதையே செய்தார்கள். மலாக்காவிலிருந்து தம்பின் போகும் கிளைப் பாதையும், கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதியும் கழற்றப்பட்டன. எதற்காக? சயாமையும் பர்மாவையும் இணைக்கும் புதிய பாதைக்காக. சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால் தரை வழி வேண்டியிருந்தது. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபர் 17-க்குள், 415 கிலோமீட்டர் பாதையை மலையையும் காட்டையும் வெட்டி முடித்தார்கள். தமிழில் அதற்குச் சயாம் மரண ரயில் என்றே பெயர்.

மலாயாவில் தண்டவாளத்தை மட்டுமா எடுத்தார்கள்? ஆட்களையும் எடுத்தார்கள். ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகச் சயாமுக்கு ஏற்றினார்கள். தொடக்கத்தில் மூன்று மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். ஆள் வராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன.

இதில் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களின் பட்டியலை எடுத்தால் திருச்சி, தஞ்சாவூரோடு சேலமும் வட ஆற்காடும் அதில் இருக்கும். நம் திருப்பத்தூர் தாலுகா முதலில் சேலத்திலும் பிறகு வட ஆற்காட்டிலும் இருந்தது. பஞ்சமும் கடனும் துரத்த, சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள் நம் பக்கத்து மக்கள். "பினாங்குக்குப் போனவர் திரும்பவே இல்லை" என்ற பேச்சு உங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கலாம்.

எண்ணிக்கையைப் பாருங்கள். அந்தப் பாதையில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சம் பேர் அல்லது அதற்கும் மேல். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லாரும் அதில் அடக்கம். இறந்தவர்கள் 75,000 முதல் 1 லட்சம் வரை என்று பலவிதமாக மதிப்பிடுகிறார்கள். ஏன் பலவிதம் என்றால், கைதிகளுக்கு ராணுவப் பதிவேடு இருந்தது, பெயரும் எண்ணும் இருந்தன. கூலி ஆட்களை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். கைதிகளுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்திலிருந்து பெண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

பாலத்தை மட்டும் படமெடுத்தால்

நம் குடியிருப்பில் சிலர் பாங்காக் சுற்றுலா போய் வந்திருக்கிறீர்கள். அங்கிருந்து மேற்கே காஞ்சனபுரி என்ற ஊருக்குப் போய்க் குவாய் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்தவர்களும் இருப்பார்கள். இனி போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

அந்தப் பாலத்தை நன்றாகக் கவனியுங்கள். மேலே வில் போல வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. நடுவில் கோணமாக நிற்கும் இரண்டு சட்டங்கள் 1945-ல் குண்டு விழுந்த பிறகு புதிதாக வைத்தவை. இரண்டும் ஒரே படத்தில் வரும்படி பக்கவாட்டில், கரையிலிருந்து எடுங்கள். வளைவும் கோணமும் சேரும் இடம்தான் போரின் தழும்பு. செல்ஃபியில் அது வராது. 1957-ல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தில் நீங்கள் பார்த்த மரப்பாலம் இது அல்ல. அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலவில்.

பாலத்தோடு நிற்காதீர்கள். காஞ்சனபுரியிலிருந்து நாம் டோக் வரை ரயில் இன்றும் ஓடுகிறது. தாம் கிராசே என்ற இடத்தில் ஆற்றை ஒட்டி, பாறைச் சுவரைத் தொட்டபடி மரச் சட்டங்கள் மேல் வண்டி மெதுவாகப் போகும். அதற்கு மேலே, ரயில் இப்போது போகாத பகுதியில், பாறையைக் கையால் குடைந்த வெட்டு ஒன்று இருக்கிறது. நரக நெருப்புக் கணவாய் என்று கைதிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் எலும்புக்கூடுகளாக மனிதர்கள் வேலை செய்த காட்சி அப்படி இருந்ததாம். ஆஸ்திரேலிய அரசு 1998-ல் அங்கே ஒரு அருங்காட்சியகம் திறந்தது.

காஞ்சனபுரி ஊருக்குள் போர்க்கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 6,900 கல்லறைகள். வெட்டிய புல், ஒரே அளவில் பலகைகள், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. மனசு கனக்கும், கேமராவும் தானாக உயரும். ஆனால் அதில் தமிழ்த் தொழிலாளி ஒருவரின் பெயரையும் நீங்கள் காண முடியாது. அது போர்வீரர்களுக்கான தோட்டம். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த கூலி ஆட்களுக்குத் தனித்தனிக் கல்லறையே கிடையாது. ஆகவே அங்கே எடுக்கும் எந்தப் படமும், எவ்வளவு அழகாக இருந்தாலும், கதையின் சிறிய பாதியைத்தான் காட்டும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியப் போர்க்கைதி ஒரு சிறு மடக்குக் கேமராவை ஒளித்து வைத்து முகாம்களில் படம் எடுத்தார். ஜாக் சாக்கர் என்ற ஆங்கிலேயக் கைதி கிடைத்த காகிதத்தில் ரகசியமாகச் சித்திரம் வரைந்தார். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். அவர்கள் தைரியத்தால்தான் உலகத்துக்கு அந்த முகாம்கள் தெரிந்தன. தோட்டத் தமிழர்களிடம் கேமராவும் இல்லை, காகிதமும் இல்லை. பலருக்குக் கையெழுத்தும் தெரியாது. யாரிடம் படம் இருந்ததோ அவர்கள் கதை நின்றது.

நம் மலை சொல்லித் தரும் முறை

இப்போது நம் மொட்டை மாடிக்கு வாருங்கள். கிழக்கே பார்த்தால் ஜவ்வாது மலை. அந்த மலையிலும் அடிவாரத்திலும், அந்தப் பக்கம் செங்கம் வட்டாரத்திலும், நடுகற்கள் ஏராளம். செங்கம் நடுகற்கள் தமிழக வரலாற்று ஆய்வில் தனி இடம் பெற்றவை. பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று பெயர் சொல்லி இன்றும் கும்பிடுகிறார்கள்.

ஒரு பழைய நடுகல்லில் என்ன இருக்கிறது? கையில் ஆயுதத்தோடு ஒரு வீரன் உருவம். எழுத்துள்ள கல்லாக இருந்தால் இன்ன அரசனுக்கு எத்தனையாவது ஆட்சி ஆண்டு, இன்ன ஊரில் மாடு கவர்ந்தபோது, அல்லது மாட்டை மீட்டபோது, இன்னார் மகன் இன்னான் பட்டான் என்று வரும். அதாவது படம், தேதி, இடம், பெயர், நடந்தது என்ன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் பக்கத்து ஆட்கள் படத்தோடு குறிப்பையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். செத்தவன் பெரிய ராஜா அல்ல, மாடு காக்கப் போனவன். அவனுக்கும் பெயர் உண்டு என்று நினைத்திருக்கிறார்கள்.

காஞ்சனபுரியில் போர்க்கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. பெயர் வாட் தாவோர்ன் வராராம். 2023-ல் அங்கே மரண ரயிலில் மாண்ட தமிழர்களுக்காக நிறுவப்பட்டது எது தெரியுமா? ஒரு நடுகல். சலவைக்கல் தூணோ மணிமண்டபமோ அல்ல, நம் மலையில் நிற்கும் அதே முறையில் ஒரு நடுகல். அங்கே போகிறவர்கள் பாலத்துக்குப் போகும் முன் அதற்குப் போய்ப் படமெடுங்கள். ஒரு பூவும் வையுங்கள்.

படமெடுக்கக் கிளம்புவோருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். போர்க்கால ரயில் இடங்களில் பாதி காணாமல் போன பொருள், மீதி பெயர் தெரியாத மனிதர்கள். இரண்டுமே கேமராவில் தானாக விழாது. படத்துக்கு அடியில் எழுதினால்தான் நிற்கும்.

கிளம்பும் முன்

நம் ஊரிலேயே தொடங்கலாம். தண்டவாளம் போனாலும் ரயில் பாதை முழுதாக அழியாது. அதற்கு மேட்டுக்கரை போட்டிருப்பார்கள், ஓடைக்குக் குறுக்கே சிறு பாலம் கட்டியிருப்பார்கள். எங்கே வீடும் சாலையும் விழுங்கவில்லையோ அங்கே ஏதாவது மிச்சம் இருக்கும். தேடும் வழி இது.

முதலில் வீட்டிலேயே செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வயல் வரப்புகள் எல்லாம் ஒரு போக்கில் இருக்கும்போது, அவற்றை வெட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கோடு நீளமாக, மெதுவாக வளைந்து போனால் சந்தேகப்படுங்கள். மாட்டுவண்டிப் பாதை அப்படி வளையாது. பழைய நில அளவை வரைபடமும் கிராமத்தின் அ-பதிவேடும் கிடைத்தால் அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

போகும் காலம் அறுவடை முடிந்த பிறகு, தை, மாசி மாதங்களில். வயல் வெறுமையாக இருக்கும்போதுதான் தாழ்ந்த கரை கண்ணுக்குத் தெரியும். நேரம் காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல். சாய்ந்த வெயிலில் ஒரு முழ உயரக் கரைக்குக்கூட நிழல் விழும். நடுப்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

சிறு பாலத்தின் இரண்டு பக்கக் கல்சுவர்கள் கிடைத்தால், ஒன்றை நேராகவும் இன்னொன்றைப் பக்கவாட்டிலும் எடுங்கள். பக்கத்தில் ஒரு குடையோ அளவு நாடாவோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். மேல் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டரை அடிப் பாதையைத் தாங்கிய பாலம் சாலைப் பாலத்தைவிடக் குறுகலாக இருக்கும். இது ரயில் பாலமா, வாய்க்கால் பாலமா என்று முடிவு செய்ய அந்த அளவு உதவும். நிச்சயம் இல்லை என்றால் "இருக்கலாம்" என்றே எழுதுங்கள். தவறான குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம்.

போனில் இடக் குறிப்பு பதிவாகும் வசதியை இயக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரமும் குறையும், இடக் குறிப்பும் போய்விடும். கோப்பாக அனுப்புங்கள், மூலப்படத்தை அழிக்காதீர்கள்.

கரை இன்று யாருடைய நிலத்திலோ இருக்கும். கேட்டுவிட்டு இறங்குங்கள். "அண்ணா, பழைய ரயில் ரோடு இந்தப் பக்கம் போனதாமே?" என்று ஆரம்பித்தால் போதும், டீ வரும், கதையும் வரும். வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால் முதலில் அவர்களிடம் உட்காருங்கள். கரையைப் படமெடுக்க அடுத்த வருஷமும் போகலாம். அவர்கள் பேச்சைப் போனில் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். நடுகல்லைப் படமெடுப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊராரைக் கேட்டு எடுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ மாவோ பூசாதீர்கள், கல் கெடும்.

முக்கியமான ஒன்று, குறிப்பாக நம் இளைஞர்களுக்கு. ஓடும் ரயில் பாதையில் இறங்கவே இறங்காதீர்கள். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அனுமதியில்லாமல் ரயில்வே இடத்தில் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய தண்டனையைத் தண்டவாளமே கொடுத்துவிடும். மின்சார வண்டி வரும் சத்தம் கடைசி நொடியில்தான் கேட்கும். நாம் தேடுவது தண்டவாளம் இல்லாத பாதை, அதற்கு எந்த ஆபத்தும் வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து வரி எழுதுங்கள். எங்கே, என்றைக்கு, என்ன, யார் சொன்னது, யார் எடுத்தது. நடுகல்லின் ஐந்து வரி அதுதான்.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பினாங்கு ஸ்டுடியோவின் முத்திரையோடு ஒரு படமோ, மலாயாத் தபால்தலை ஒட்டிய ஒரு கடிதமோ இருந்தால் அதையும் படமெடுங்கள். 1942-க்குப் பிறகு கடிதம் நின்றுபோன பெயர் ஏதாவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். எங்கே போனார் என்று இனித் தெரியாமலே போகலாம். இப்படி ஒருவர் இருந்தார் என்பதாவது தெரியும்.

அடுத்த காலாண்டு இதழுக்கு இரண்டு பக்கம் இதற்காக ஒதுக்கிக் கேட்டிருக்கிறேன். படங்களையும் குறிப்புகளையும் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரி சாலைப் பக்கம் சேர்ந்தே போகலாம். தொப்பி, தண்ணீர் பாட்டில், அளவு நாடா இருந்தால் போதும்.

இன்று இரவு ரயில் சத்தம் கேட்கும்போது இன்னொரு சின்ன ரயிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். அது நம் ஊரிலிருந்துதான் கிளம்பியது.